ஐந்து பேர், இரண்டு பேருக்கான அறை: ரோமில் லாயல்டி பாயிண்ட்டில் தங்கிய ஒரு குடும்பம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2025 அக்டோபர் கடைசியில் ஒரு குடும்பம் ரோமில் ஐந்து இரவு தங்கியது. கணவர், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், கணவரின் அம்மா. பாட்டிக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏறினால் கொஞ்சம் உட்கார்ந்துதான் எழுந்திருப்பார். ஆனால் ரோமைப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னதே அவர்தான்.

கணவர் வேலை நிமித்தம் அடிக்கடி ஊர் சுற்றுபவர். மூன்று வருடமாக ஒரே நிறுவனத்தின் சங்கிலி ஹோட்டல்களில் தங்கித் தங்கி, அதன் லாயல்டி திட்டத்தில் 1,62,000 பாயிண்ட் சேர்த்திருந்தார். அந்தப் பாயிண்ட்டைப் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து அதே நிறுவனத்தின் ஹோட்டல்களில் தங்கலாம். மனைவியின் கணக்கில் கிரெடிட் கார்டு வழியாக 66,000. மொத்தம் 2,28,000. தங்குவதற்குக் கையிலிருந்து பணம் போகக் கூடாது, அந்தப் பணத்தைப் பயணத்தின் மற்ற செலவுகளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பது என் பழக்கம். மனைவி என் பழைய தோழி, என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஜூன் மாதம் அவள் அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் இருந்து திரும்பி வரும் வரை நான் கூடவே இருந்தேன். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஹோட்டலின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நடந்த தவறுகள் எந்தத் திட்டத்திலும் நடக்கக் கூடியவை.

முதல் முன்பதிவு

அவள் அனுப்பிய படத்தில் ரோமின் டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நான்கு நட்சத்திர ஹோட்டல் இருந்தது. ஓர் இரவுக்கு 50,000 பாயிண்ட். அதே அறைக்குப் பணமாகக் கொடுத்தால் 280 யூரோ. இடம் நல்ல இடம். மெட்ரோவின் ஏ, பி இரண்டு பாதைகளும் டெர்மினியில்தான் சந்திக்கின்றன. கொலோசியத்துக்கு இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கலாம். 2025 கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு (யாத்ரீகர்கள் ரோமுக்குத் திரளும் புனித ஆண்டு) என்பதால் ரோம் முழுக்கக் கூட்டம், அறை விலைகளும் ஏறியிருந்தன. அந்த நேரத்தில் 50,000 நியாயமான விலைதான்.

கணவர் அதற்கு முந்தைய இரவே தன் கணக்கிலிருந்து 1,50,000 பாயிண்ட் கொடுத்து மூன்று இரவுகளைப் பதிவு செய்துவிட்டார். மீதி இரண்டு இரவை எப்படியாவது மனைவி கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டை நான் இரண்டாவது முறை பார்த்தபோதுதான் மேலே சின்ன எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது: 1 அறை, 2 பெரியவர்கள்.

“நீங்கள் ஐந்து பேர் ஆச்சே?” என்று கேட்டேன்.

“அக்கா, ஐந்து பேர் என்று போட்டால் ஒன்றுமே காட்டவில்லை. அதனால் இரண்டு என்று போட்டார். குழந்தைகள்தானே, எங்களோடு படுத்துக்கொள்வார்கள். அத்தைக்கு ஒரு எக்ஸ்ட்ரா பெட் கேட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்.”

இந்த நிகழ்வின் மையமே இதுதான். ஆளைக் கூட்டினால் அறை மறைகிறது, குறைத்தால் தெரிகிறது. தெரியும் வரை குறைத்துக்கொண்டே போவது மிக இயல்பான செயல், நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். ஆனால் அந்தத் தேடல் பொய் சொல்லவில்லை. பாயிண்ட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஹோட்டலின் அடிப்படை ஸ்டாண்டர்ட் அறை. ரோமின் நடுப்பகுதியில் ஹோட்டல்கள் பலவும் பழைய கட்டடங்களுக்குள் இருப்பவை, அங்கே ஸ்டாண்டர்ட் அறை என்றால் இரண்டு பேர்தான். ஐந்து பேருக்கு ஒன்றும் காட்டாததற்குக் காரணம் அங்கே அப்படி ஓர் அறை பாயிண்ட்டில் இல்லாததுதான்.

“போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற யோசனையும் இத்தாலியில் நடக்காது. அங்கே தங்கும் ஒவ்வொருவரின் அடையாள விவரத்தையும் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கைக்குழந்தைக்கும் இது பொருந்தும். ஆகவே ரிசப்ஷனில் ஐந்து பாஸ்போர்ட்டையும் வாங்குவார்கள், எண்ணுவார்கள். இரவு பத்து மணிக்கு, தூங்கி வழியும் இரண்டு குழந்தைகளையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் வாதாடும் நிலை வந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு அப்போது இருந்த கவலை.

ஹோட்டலின் பதில்

மறுநாளே ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். திட்டத்தின் பொது உதவி எண்ணுக்கு எழுதாமல் அந்த ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவுக்கே எழுதச் சொன்னதற்குக் காரணம், எந்த அறையில் எத்தனை கட்டில் போட முடியும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து பேரின் வயதையும் எழுதினார்கள். இரண்டு நாளில் பதில் வந்தது.

ஸ்டாண்டர்ட் அறையில் இரண்டு பேர், கூடவே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு தொட்டில், அவ்வளவுதான். எக்ஸ்ட்ரா பெட் போட இடம் இல்லை. மூன்று பேர் தங்கும் அறைகள் உண்டு, இரவுக்கு 350 யூரோ. அவை பாயிண்ட்டில் சாதாரண விலைக்குக் கிடைக்காது. ஒரே குடும்பம் இரண்டு அறை எடுத்தால், இரண்டாவது அறையாக மூன்று பேர் அறையை 300 யூரோவுக்கு, காலை உணவோடு தர முடியும். உள்கதவு வைத்த இணைப்பு அறைகள் இந்த வகைகளுக்கு இடையே இல்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து அறை கொடுக்க முயற்சி செய்வோம், உறுதி சொல்ல முடியாது.

இணையத்தில் எங்குமே தெரியாத அந்த 300 யூரோ விலை, கேட்டதால் வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் 350 கொடுத்திருப்பார்கள், ஐந்து இரவில் 250 யூரோ கூடுதலாகப் போயிருக்கும்.

கைவசம் இருந்த வழிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று பேரும் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டி பின்னால் சோபாவில் இருந்தார்.

தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் ஓர் இரவு இலவசம் என்று திட்டத்தில் ஒரு விதி உண்டு. அதைச் சேர்த்தும் இரண்டு ஸ்டாண்டர்ட் அறைகளைப் பாயிண்ட்டில் எடுக்க 4,00,000 வேண்டும். அது முடியாது. தவிர, இரண்டு அறையும் இரண்டு இரண்டு பேருக்குத்தான், ஐந்தாவது ஆள் அப்போதும் வெளியே.

அடுத்தது, கணவருக்கு மிகவும் பிடித்துப் போன ஒரு வழி. நகரத்துக்கும் ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கும் நடுவே பார்கோ தெ மெதிச்சி என்ற பகுதியில் பெரிய சங்கிலி ஹோட்டல்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றில் அறைகள் விசாலம், நான்கு பேர் தங்கும் அறையே பாயிண்ட்டில் 28,000-க்குக் கிடைத்தது. ஐந்தாவது இரவு இலவசம் என்ற அதே விதியோடு ஓர் அறைக்கு 1,12,000, இரண்டு அறைக்கு 2,24,000. கையில் இருந்தது 2,28,000. சாவி பூட்டில் பொருந்துவது மாதிரி பொருந்தியது. நீச்சல் குளம் வேறு. “இதைவிட என்ன வேண்டும்?” என்றார் அவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, 1,500 யூரோ மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அங்கிருந்து நகரத்துக்கு எஃப்எல்1 ரயில் உண்டு, ஆனால் அது டெர்மினிக்குப் போகாது. டிராஸ்டவெரே அல்லது ஓஸ்டியென்ஸே நிலையத்தில் இறங்கி டிராமோ மெட்ரோவோ மாற வேண்டும். ஹோட்டலில் இருந்து நிலையத்துக்குப் போவது தனி. ஒரு முறை போனால் மாலை வரை திரும்ப முடியாது. மதியம் பாட்டி படுக்க வேண்டும் என்றால் எங்கே படுப்பார்? 7 வயதுப் பையன் இரண்டு மணிக்குச் சிணுங்க ஆரம்பித்தால் எங்கே கூட்டிப் போவீர்கள்?

இந்த இடத்தில் சோபாவில் இருந்து பாட்டி சொன்னார்: “எனக்காக யாரும் காசு செலவு பண்ண வேண்டாம்ப்பா. நான் அங்கேயே இருந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க.”

அந்த ஒரு வாக்கியம்தான் முடிவைத் தீர்மானித்தது. ரோமைப் பார்க்க ஆசைப்பட்டவர் ஒரு நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது அவர் மகனுக்கு அப்போதுதான் உறைத்தது. சரிம்மா, நடு ஊரிலேயே எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வழி, பாயிண்ட்டைத் தொடாமல் ஒரு அபார்ட்மென்ட்டை வாடகைக்கு எடுப்பது. ஐந்து பேருக்கு அது பல சமயம் நல்ல வழிதான். இவர்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம், பார்த்தவை எல்லாமே மூன்றாம் நான்காம் மாடி, பாதிக்கு லிஃப்ட் இல்லை.

கடைசியில் எடுத்த முடிவு: டெர்மினி ஹோட்டலில் ஸ்டாண்டர்ட் அறை ஒன்று பாயிண்ட்டில், அதில் பாட்டியும் பேத்தியும். மூன்று பேர் அறை பணத்தில், அதில் பெற்றோரும் பையனும். பணம் கொடுக்கும் அறையை ரத்து செய்யக்கூடிய விலையிலேயே எடுத்தார்கள். அப்போது விசா வரவில்லை, அதனால் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

பாயிண்ட்டை ஒன்று சேர்த்தது

கணவர் முதலில் செய்திருந்த மூன்று இரவுப் பதிவு இப்போது இடைஞ்சலாக நின்றது. மேரியட், ஹில்டன் போன்ற திட்டங்களில் பாயிண்ட்டில் தொடர்ந்து ஐந்து இரவு தங்கினால் ஒரு இரவு இலவசம் (ஹில்டனில் இது சில்வர் அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்). இவர்களுடைய திட்டத்திலும் அதே மாதிரி விதி. ஆனால் அது ஒரே கணக்கில், ஒரே பதிவில், ஐந்து இரவும் தொடர்ச்சியாக இருந்தால்தான். கணவர் பெயரில் மூன்று, மனைவி பெயரில் இரண்டு என்று பிரித்தால் 2,50,000 ஆகும், இலவச இரவு கிடைக்காது. மனைவியிடம் அதற்கான பாயிண்ட்டும் இல்லை.

ஆகவே மனைவியின் கணக்கிலிருந்து கணவர் கணக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. இது உடனே நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன், மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் ஐந்து இரவுகளில் ஒன்றின் விலை 50,000-இல் இருந்து 56,000 ஆகிவிட்டது. பல திட்டங்கள் நிலையான விலைப் பட்டியலைக் கைவிட்டு, தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்குகின்றன. மேரியட் 2022-இல் இந்த முறைக்கு மாறியது. இலவசமாகக் கழிக்கப்படுவது ஐந்தில் மலிவான இரவு என்பதால் 56,000 அப்படியே நின்றது. மொத்தம் 2,06,000. நல்ல வேளையாக 44,000 மாற்றியிருந்தோம், சரியாகப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு சிக்கல், 1,50,000 பாயிண்ட் பழைய பதிவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம். ஆனால் ரத்துக்கும் புதுப் பதிவுக்கும் நடுவில் அந்தக் கடைசி ஸ்டாண்டர்ட் அறையை வேறு யாராவது எடுத்துவிட்டால்? யூபிலி ஆண்டில் அந்தப் பந்தயம் வேண்டாம் என்று தோன்றியது. தொலைபேசியில் உதவியாளரிடம் பேசி, ரத்து செய்யாமல் அதே பதிவை ஐந்து இரவாக நீட்டித்தோம். 40 நிமிடம் ஆனது. கணவர் பாதியில் பொறுமை இழந்தார், மனைவி போனை வாங்கிப் பேசி முடித்தாள்.

விசாவுக்கான கடிதம்

விசாவுக்குத் தங்கும் இடத்தின் சான்று வேண்டும். பாயிண்ட் பதிவின் உறுதிச் சீட்டில் கணவரின் பெயர் மட்டும் இருந்தது, விலை இருக்கும் இடத்தில் பூஜ்யம் யூரோ. அதை வைத்துப் பார்த்தால் பாட்டி எங்கே தங்கப் போகிறார் என்பதே தெரியாது. ஹோட்டலுக்கு எழுதி, இரண்டு பதிவு எண்களையும் ஐந்து பெயர்களையும் தேதிகளையும் போட்டு ஒரு கடிதம் வாங்கினார்கள். ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். விசாவும் சிக்கலில்லாமல் வந்தது.

அந்தக் கடிதம் கையில் வந்ததும் நாங்கள் எல்லோரும் ஓர் இடத்தில் ஏமாந்தோம். இரண்டு எண்களும் ஒரே தாளில் இருந்ததால், ஹோட்டலின் கணினியிலும் அவை சேர்ந்துதான் இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

ரோமில் முதல் நாள்

காலை விமானம். ஃபியுமிசினோவில் இருந்து டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ், 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. கட்டணம் கொடுக்கும் ஒவ்வொரு பெரியவரோடும் 12 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை இலவசமாகப் போகலாம், அதனால் மூன்று டிக்கெட்டோடு 42 யூரோவில் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். பார்கோ தெ மெதிச்சியைப் பற்றிப் பேசியபோது இந்தக் கணக்கையும் பார்த்திருந்தோம்.

பதினொரு மணிக்கு ஹோட்டலில் பெட்டிகளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மூன்று மணிக்கு அறைகள் கிடைத்தன. பாட்டிக்கும் பேத்திக்கும் இரண்டாம் மாடி, பெற்றோருக்கு ஐந்தாம் மாடி. பாயிண்ட் பதிவு திட்டத்தின் வழியாக வந்தது. இன்னொன்று ஹோட்டல் மின்னஞ்சலில் போட்டது. கணினியில் அவை இரண்டு அந்நியர்களின் பதிவுகள். இணைக்கவே இல்லை. அன்று ஹோட்டல் நிரம்பியிருந்தது. நாளைக் காலையில் பார்க்கிறோம் என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண்.

அன்று இரவு எட்டரை மணிக்கு நடந்ததைப் பேத்தியும் பாட்டியும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். பேத்தி தன் தம்பியிடம் இருந்த சார்ஜரை எடுக்க ஐந்தாம் மாடிக்குப் போனாள். போகும்போது திரும்பி வரக் கதவைத் திறக்க வேண்டுமே என்று சுவரில் செருகியிருந்த கார்டை உருவிக்கொண்டு போனாள். ஐரோப்பிய ஹோட்டல்கள் பலவற்றில் அந்தக் கார்டு சுவர்ப் பெட்டியில் இருந்தால்தான் அறையில் மின்சாரம். அரை நிமிடத்தில் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பாட்டி அப்போது குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். புது இடம், ஈரத் தரை, முழு இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே வந்து கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போய்விட்டது, வந்துவிடும் என்று நினைத்தாராம். பேத்தி மேலே தம்பியோடு விளையாட ஆரம்பித்துவிட்டாள், திரும்பி வர இருபது நிமிடம் ஆனது.

“பயப்படலை. ஆனா எந்தப் பக்கம் கதவுன்னு தெரியலை” என்றார் பாட்டி.

விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் அந்த ஈரத் தரையை நினைத்தால் எனக்கு இன்றும் மனது பதறுகிறது. அந்த அறையில் யார் யார் தங்குவது என்று கணக்குப் போட்டது நான்தான். கட்டில்களை எண்ணினேன். இரவில் அந்த அறையில் இருக்கும் ஒரே பெரியவர், சாவி கார்டு ஹோட்டலில் இதுவரை தங்கியிராதவர் என்பதை நான் யோசிக்கவில்லை.

கணவர் உடனே கீழே போய் இரண்டாவது கார்டு ஒன்று வாங்கி வந்தார். ஒன்று எப்போதும் சுவரில், அதைத் தொடவே கூடாது. மற்றது பேத்தியின் கழுத்தில். அன்று இரவு மனைவி பாட்டியோடு படுத்துக்கொண்டாள், மகள் ஐந்தாம் மாடிக்குப் போனாள்.

மீதி நாட்கள்

மறுநாள் காலை ஏழரைக்கே மனைவி ரிசப்ஷனுக்குப் போய் அமைதியாகப் பேசினாள். முந்தின இரவு நடந்ததையும் சொன்னாள், ஹோட்டல் கொடுத்த கடிதத்தையும் காட்டினாள். பத்து மணிக்குள் பாட்டியின் அறையை ஐந்தாம் மாடிக்கு, பெற்றோரின் அறைக்கு அடுத்த கதவுக்கு மாற்றினார்கள். யாரோ காலி செய்த அறை.

அதன் பிறகு நான்கு நாளும் ஒரே ஒழுங்கில் போயின. காலை ஏழரைக்கு எழுந்து, ஒன்பது மணிக்குக் கிளம்பி, ஒரு இடத்தைப் பார்த்து, ஒரு மணிக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒருவர் அறைக்குத் திரும்புவது. நான்கு மணி வரை ஓய்வு. மாலையில் எல்லோரும் மறுபடி வெளியே. கொலோசியத்தில் இருந்து அறைக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாத்திகானுக்குப் போன நாளில் மெட்ரோ ஏ பாதையில் ஓட்டாவியானோ வரை ஒரே வண்டி. ஐந்து நாளும் பாட்டி எல்லா மாலையும் வெளியே வந்தார். நடு ஊரில் தங்க எடுத்த முடிவை நான் இதை வைத்துத்தான் சரி என்கிறேன்.

காலை உணவு ஒரு சின்ன நெருடல். பணம் கொடுத்த அறைக்கு உணவு உண்டு, பாயிண்ட் அறைக்கு இல்லை. முதல் நாள் மூன்று பேர் ஹோட்டலில் சாப்பிட, இரண்டு பேர் காத்திருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பாரில் (அங்கே பார் என்றால் காபிக் கடை) கப்புச்சினோவும் கொர்னெட்டோ என்ற இனிப்பு ரொட்டியும் கிடைப்பதைப் பேத்தி கண்டுபிடித்த பிறகு, ஹோட்டல் சாப்பாட்டை அப்பாவும் பையனும் மட்டும் சாப்பிட, பெண்கள் மூன்று பேரும் அங்கே போக ஆரம்பித்தார்கள். இத்தாலியில் கவுண்டரில் நின்று குடித்தால் பல இடங்களில் விலை குறைவு. பாட்டிக்காக அவர்கள் உட்கார்ந்தே குடித்தார்கள்.

கணக்கு

கிளம்பும் நாளில் ரிசப்ஷனில் 150 யூரோ கேட்டார்கள். கணவர் திகைத்துப் போனார். அது ரோம் நகராட்சியின் தங்கல் வரி. நான்கு நட்சத்திர ஹோட்டலுக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 7.50 யூரோ, அதிகபட்சம் பத்து இரவு வரை. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. பையனுக்கு விலக்கு, 11 வயது மகளுக்கு உண்டு. நான்கு பேர், ஐந்து இரவு, 150. பாயிண்ட்டில் தங்கினாலும் பணத்தில் தங்கினாலும் இது ஒன்றுதான், பாயிண்ட்டால் கட்ட முடியாது. நான் ஜூலையிலேயே ஒரு மின்னஞ்சலின் கடைசி வரியில் எழுதியிருந்தேன். அவர் படித்திருக்கவில்லை. கடைசி வரியில் எழுதியது என் தவறு.

இந்த வரி நகரத்துக்கு நகரம் மாறும். பாரிஸில் 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் 2024-இல் இருந்து அறை விலையில் 12.5 சதவீதம் என்று வாங்குகிறார்கள். ரோமில் பத்து வயது என்ற கோடு மெட்ரோவிலும் உண்டு. பையன் இலவசமாகப் போனான், மகளுக்கு ஒவ்வொரு முறையும் 1.50 யூரோ டிக்கெட் எடுத்தார்கள்.

மொத்தமாகப் பார்த்தால்: மூன்று பேர் அறைக்கு 1,500 யூரோ, வரி 150, ஆக 1,650 யூரோ பணம். அதோடு 2,06,000 பாயிண்ட். அந்தப் பாயிண்ட் மிச்சப்படுத்தியது 1,400 யூரோ, ஆயிரம் பாயிண்ட்டுக்கு ஏறத்தாழ 6.80 யூரோ. மோசமான மதிப்பு இல்லை. ஆனால் தங்குவதற்குக் கையிலிருந்து எதுவும் போகாது என்று ஆரம்பித்தவர்கள் 1,650 யூரோ கொடுத்தார்கள் என்பதும் உண்மை. கணவருக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. மனைவிக்கு இல்லை.

மறுபடி செய்தால்

முதலில், தேடும்போதே ஐந்து பேர் என்று வயதோடு போடுவோம். ஒன்றும் வரவில்லை என்றால் அந்த வெற்றுத் திரையைப் பதிலாக எடுத்துக்கொண்டு, ஹோட்டலுக்கு எழுதுவோம். எந்தப் பாயிண்ட்டும் அதற்கு முன் கைமாறாது. முதல் மூன்று இரவுப் பதிவு இல்லாமல் இருந்திருந்தால் அந்த 40 நிமிடத் தொலைபேசி அழைப்பும் இல்லை. பாயிண்ட் மாற்றத்தையும் தேடலுக்கு முன்பே முடித்து வைத்திருந்தால் 6,000 பாயிண்ட் மிச்சம்.

ஐந்தாவது இரவு இலவசம் என்பது எங்களைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது என்று இப்போது நினைக்கிறேன். அந்த விதி இல்லாவிட்டால் அவர்கள் நான்கு இரவுதான் தங்கியிருப்பார்கள். பாயிண்ட் அறைக்கு அந்த இரவு இலவசம், சரி. பக்கத்து அறைக்கு அது 300 யூரோ, மேலே 30 யூரோ வரி. இரண்டு அறை எடுக்கும் குடும்பத்துக்கு ஐந்தாவது இரவு இலவசம் ஆகாது. அந்தக் கணக்கை நான் போடவே இல்லை, திரும்பி வந்த பிறகு மனைவிதான் போட்டுக் காட்டினாள்.

குடும்பமாகத் தங்குபவர்கள் பாயிண்ட் சேர்க்கும் திட்டத்தையே வேறு கண்ணோடு பார்க்கலாம் என்றும் தோன்றுகிறது. அக்கோர் என்ற ஹோட்டல் குழுமத்தின் திட்டத்தில் 2,000 பாயிண்ட் என்றால் பில்லில் 40 யூரோ கழியும். அறை ஸ்டாண்டர்டா, மூன்று பேர் அறையா என்ற கேள்வி இல்லை. பெரிய லாபம் அடிக்க முடியாது, ஆனால் பெரிய அறைக்கும் பயன்படும். அதே குழுமத்தின் நோவோடெல் ஹோட்டல்களில் 16 வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகள் பெற்றோர் அறையில் இலவசமாகத் தங்கலாம், காலை உணவும் சேர்த்து. இவர்களிடம் அந்தப் பாயிண்ட் இல்லை, ஆகவே இந்த முறை அது வழியாக இருக்கவில்லை. வேலைப் பயணத்தில் கம்பெனி எந்த ஹோட்டலைக் கொடுக்கிறதோ அதில்தான் பாயிண்ட் சேரும், அதையும் மறுக்க முடியாது.

இரண்டு பதிவுகளையும் இணைக்கச் சொல்லி ஒரு முறை எழுதினால் போதாது. போகும் இரண்டு நாளுக்கு முன் மறுபடி எழுதி, “இரண்டு பதிவும் இணைந்திருக்கிறதா, எந்த மாடி?” என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். பாட்டியோடு தங்குபவர் யார் என்பதைக் கட்டில் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது. முதல் இரவு எப்போதும் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் இரண்டாவது கார்டு கேட்பதை இப்போது நான் எல்லோருக்கும் எழுதும் குறிப்பில் முதல் வரியாக வைத்திருக்கிறேன். தங்கல் வரி இரண்டாவது வரி.

மனைவியின் கணக்கில் 22,000 பாயிண்ட் மீதி இருக்கிறது. சென்ற வாரம் அவள் ஒரு புது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். லிஸ்பன். மேலே சின்ன எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன்: 3 பெரியவர்கள், 2 குழந்தைகள். கீழே திரை காலியாக இருந்தது. “ஹோட்டலுக்கு எழுதிவிட்டேன் அக்கா, பதில் வந்ததும் சொல்கிறேன்” என்று எழுதியிருந்தாள்.